ரெண்டு இழுப்பு

நாய் கனவு காண்பதை விட்டுவிட்டது. வீட்டில் இதை முதலில் கண்டுகொண்டது அவன்தான். கண்டுகொண்டு என்ன செய்ய, வாய் திறந்து சொல்ல அவனால் ஆகாது.

முன்பெல்லாம் மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு ஓய்ந்த நேரத்தில், கட்டிலுக்கு நேர் எதிரே சுவரோரமாகச் சாக்கில் சுருண்டு கிடக்கிற நாய் தூக்கத்திலேயே ஓடும். முன்னங்கால் இரண்டும் காற்றில் மண்ணைப் பறிக்கும், மூக்கு நுனி துடிக்கும், தொண்டைக்குள்ளிருந்து பிள்ளை சிணுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும், எதையோ துரத்திப்போய் எட்டிப் பிடிக்கிற கட்டத்தில் வாலைத் தரையில் பட்டென்று ஒரு அடி அடித்துவிட்டு அடங்கும். "மேஸ்திரி வேலைக்குப் போயிட்டாரு" என்று மனைவி அடுப்படியிலிருந்தே சிரிப்பாள். இப்போதும் அதே சாக்கு, அதே நாய். கால் அசையவில்லை. மூக்கு துடிக்கவில்லை. விலா மட்டும் ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது, ஒரு மூச்சு நீளம் ஒரு மூச்சு குட்டை என்று எதுவும் இல்லாமல், தண்ணீர் இறைக்கிற மோட்டாரை ஓடவிட்டு யாரோ மறந்து போன மாதிரி. பிடரியில், முடியை மழித்துத் தைத்த இடத்தில், தோலுக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பச்சை வெளிச்சம் மங்கி மங்கி எரிகிறது.

அவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. வாதம் அடித்து விழுந்ததில் வலது பக்கம் முழுக்கச் செத்துப்போயிற்று, இடது பக்கமும் முக்கால்வாசி போயிற்று, நாக்கும் அதோடு துணைக்குப் போயிற்று. மிச்சம் இருப்பது இடது கையில் ஆள்காட்டி விரல், இரண்டு கண், கண்ணுக்குக் கதவு மாதிரி இரண்டு இமை. ஈ வந்து கன்னத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் இமையைப் படபடவென்று அடிப்பான், ஓடிவிடும். இத்தனை நாள் உழைத்த உடம்பில் கடைசியாக நின்ற வீரம் அது ஒன்றுதான்.

உடம்பு நன்றாக இருந்தபோது அவனுக்கு ஆழக்குழி வேலை. கிணறோ, பெரிய கட்டடத்துத் தூணுக்குக் குழியோ, ஆழம் என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் கீழே, மனைவி மேலே, நடுவில் கயிறு. ஆழம் போகப் போக மனுஷக் குரல் மேலே வராது, குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கூழாகிவிடும். அதனால் பேச்செல்லாம் கயிற்றில்தான். ஒரு இழுப்பு என்றால் தூக்கு. ரெண்டு இழுப்பு என்றால் விடு. அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே அவர்கள் குடும்பம் நடத்தினார்கள், சண்டை போட்டார்கள், ஒரு மகளைப் பெற்று ஆளாக்கினார்கள்.

நாயும் அந்தக் குழி விளிம்பில் வளர்ந்ததுதான். செம்மண் நிறம். வேலை முடிகிற வரைக்கும் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தபடி கிடக்கும், வேலை வாங்குகிறவன் மாதிரி. அதனால்தான் மேஸ்திரி என்று பேர். மனைவி முகம் துடைக்கத் திரும்புகிற நேரத்தில் கயிறு ஒரு தடவை ஆடினால் ஒரு குரைப்பு, ரெண்டு தடவை ஆடினால் ரெண்டு குரைப்பு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "எனக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கல, மேஸ்திரிக்குக் கிடைச்சிருக்கு பாருங்க" என்பாள்.

அவன் படுக்கையில் விழுந்ததும் அவள் செய்த முதல் காரியம், சணல் கயிறு ஒன்றை அவன் விரலில் கட்டி, ஜன்னல் கம்பியில் நுழைத்து, நிலைக்கு மேல் இருந்த ஆணியில் போட்டு, அடுப்படியில் ஒரு அலுமினியத் தம்ளரையும் கரண்டியையும் சேர்த்துத் தொங்கவிட்டதுதான். ணங் என்று ஒன்று கேட்டால் ஓடி வருவாள். ணங் ணங் என்றால், சரி, வேண்டாமாம், போதுமாம், விடச் சொல்கிறார். வாதம் வந்த வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு சரளமாகப் பேச்சு ஓடியது.

பெட்டி வந்தது மகளால். பெட்டி என்றுதான் வீட்டில் பேர். பொத்தான் அளவுதான் இருந்தாலும் டாக்டர் அதை ஒரு பெட்டியிலிருந்துதான் எடுத்தார், அதனால் அந்தப் பேர். மகளுக்கு நாய் பூனைகளுக்கான ஆஸ்பத்திரியில் வேலை, டாக்டர் ஊசி போடும்போது மிருகங்களைப் பிடித்துக்கொள்வது. அங்கே புதிதாக இது வந்திருந்தது. சாகப் போகிற செல்லப் பிராணிக்குப் பிடரியில் இதை வைத்துத் தைத்தால், அதிலிருந்து முடியைவிட மெல்லிசான இழைகள் தானாக வளர்ந்து நெஞ்சுக்குப் போகுமாம், வயிற்றுக்குப் போகுமாம், காலுக்கும் வாலுக்கும் போகுமாம். உடம்பு மறந்துபோன வேலையை எல்லாம் பெட்டி எடுத்துச் செய்யுமாம். அவன் விழுந்த கொஞ்ச நாளிலேயே நாயும் சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது, ஈறு வெளுத்துப் போனது.

"ரெண்டு பேரும் ஒண்ணா கிளம்பிட்டா நான் சுவர்கிட்டயாடி பேசுவேன்?" என்று மனைவி மகளிடம் அழுதாள். "இவனையாவது நிறுத்திக் குடு."

நிறுத்திக் கொடுத்தார்கள். தூக்கிக்கொண்டு போன நாய் நடந்து வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் வந்து வாயைப் பிளந்தார்கள். வைத்த சோற்றைத் தின்றது. கூப்பிட்டால் வாலை ஆட்டியது. "பெட்டி முதல்ல கொஞ்ச நாள் நாயோட பழக்கத்தை எல்லாம் படிச்சுக்கும்மா, அப்புறம் அதே மாதிரி நடத்தும்" என்று மகள் சொன்னபோது மனைவிக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. கட்டிலில் கிடந்த அவனுக்கு உறைத்தது. நடத்தும் என்றால் யாரை?

நாள் முழுக்க ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தெரிவது வந்து போகிறவர்களுக்குத் தெரியாது. சாக்கிலிருந்து எழுந்து நாய் வாசலுக்குப் போகும், வாசலில் தலையை இடது பக்கம் திருப்பும், திரும்பி அடுப்படி, அங்கிருந்து தண்ணீர்ச் சட்டி, மறுபடி சாக்கு. மறுபடி வாசல். கால் வைத்த இடத்திலேயே கால் வைக்கும். சட்டியில் தண்ணீர் இருந்தாலும் நக்கும், காய்ந்து கிடந்தாலும் அதே அளவு நக்கும், நாக்கு சட்டியில் உராய்கிற வறண்ட சத்தம் அவனுக்குக் காதில் மணல் போட்டது மாதிரி இருக்கும். வால் வலதும் இடதும் ஒரே தூரம் போய் வரும். பக்கத்தில் வந்தால் பழைய நாய் வாடை, ஈரச் சாக்கும் மண்ணும் கலந்த அந்த வாடை, இல்லை. சூடேறிய கம்பியில் முடி கருகுகிற வாடை.

கண்ணை மட்டும் பெட்டியால் மூடித் திறக்க முடியவில்லை. "அது மட்டும் இன்னும் வரலை, அடுத்த தினுசுல சரி பண்ணிடுவாங்க. சொட்டு மருந்து விடுங்க, காயாம இருக்கும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி பொழுது சாயும்போதெல்லாம் நாயின் தலையை மடியில் சாய்த்து இரண்டு கண்ணிலும் மருந்து விடுவாள். அது கன்னத்து முடியில் வழியும். "பாருங்க, மேஸ்திரி அழறாரு" என்று கேலி செய்வாள்.

ஒரு மத்தியானம் அவனுடைய ஈ, அவன் இமையடியில் தோற்று, எதிரே பறந்துபோய் நாயின் கண்ணில் உட்கார்ந்தது. இமையில் இல்லை. கண்ணில். கரிய விழியின் மேல் காலை ஊன்றி நின்று, கையைத் தேய்த்துக்கொண்டது. பிறகு நடந்தது. விழியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே, சாவகாசமாக.

விலா ஏறியது. இறங்கியது.

அப்போதுதான் அவன் அந்தக் கண்ணை ஒழுங்காகப் பார்த்தான். செத்த கண்ணாக இருந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். செத்த கண் எது என்று அவனுக்குத் தெரியும். இது அது இல்லை. ஈக்கு அடியில், விழிக்கு அடியில், ரொம்ப ஆழத்தில், ஒன்று நின்றுகொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஆழக் குழியில் நின்று, தலைக்கு மேலே தட்டளவு தெரிகிற வெளிச்சத்தை அண்ணாந்து பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையை அவன் பாதி ஆயுசு பார்த்திருக்கிறான். கீழே நின்று.

இன்னொரு மத்தியானம்.

மனைவி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கல்லில் துணி விழுகிற சத்தம், நடுவில் அவள் இருமல். வெயில் ஜன்னல் கம்பி நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருந்தது. நாய் தன் சுற்றில் இருந்தது. வாசல், இடது பக்கம் ஒரு பார்வை, அடுப்படி, சட்டி. சாக்கை நோக்கித் திரும்பியது. ஒரு காலைத் தூக்கியது.

தூக்கிய கால் கீழே வரவில்லை.

நின்றது. உடம்பு நடுங்கியது, தோலிலிருந்து இல்லை, எலும்பிலிருந்து, பாரம் தாங்காத கயிறு அறுவதற்கு முன்னால் அதிர்கிற மாதிரி. பிடரியில் பச்சை வெளிச்சம் வேகமாக அடித்தது. முடி கருகும் வாடை அறையெல்லாம் ஏறியது. நாய் காலைத் தரையில் வைத்தது. சாக்குப் பக்கம் இல்லை. கட்டில் பக்கம். அடுத்த கால். சேற்றில் புதைந்த காலைப் பிடுங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிடுங்கி வைத்து வந்தது. ஏறி இறங்குகிற மூச்சு மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி ஒரே சீராக ஓடியது.

கட்டிலோரம். அவன் கைக்குப் பக்கம். தொங்குகிற கயிறு.

நாய் வாயைத் திறந்தது. கயிற்றைக் கவ்வியது. அவன் விரலில் அதன் பல்லின் குளிர்ச்சி.

ஒரு இழுப்பு.

ரெண்டு.

ணங் ணங் என்றது அடுப்படி.

கயிற்றைக் கவ்வியபடியே அது அவனைப் பார்த்தது. விடு. சொன்னது அவ்வளவுதான். சொல்லித் தெரிய வேண்டியது வேறு என்ன இருக்கிறது? விடு.

வெளிச்சம் ஒரு தடவை பளிச்சென்று எரிந்தது. நாயின் தாடை சட்டென்று திறந்துகொண்டது. உடம்பு நேரானது. வால் வலது பக்கம் போனது, இடது பக்கம் வந்தது. திரும்பி நடந்து, சாக்கில் ஏறி, சுருண்டு, படுத்துக்கொண்டது.

மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள். "என்னங்க? விடறதா? எதை விட? போர்வை இறுக்கமா இருக்கா?" போர்வையைத் தளர்த்தினாள். ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள், திறந்து பார்த்தாள். அவன் பார்வை நாய் மேலேயே நிலைகுத்தி இருப்பதைக் கண்டு அவள் முகம் இளகியது. "ஓ, மேஸ்திரியைக் கொஞ்சணுமாக்கும்." நாயைத் தூக்கி வந்து அவன் கன்னத்தோடு அதன் முகத்தை அழுத்திப் பிடித்தாள். கருகல் வாடை. சீரான மூச்சு. கண்ணோடு கண்.

அவன் இமையைப் படபடவென்று அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான்.

"பாத்தியாடா, உன்னைப் பாத்ததும் எவ்வளவு சந்தோஷம்!" என்றாள்.

நெஞ்சில் தண்ணீர் ஏறுவதை அவன் அறிந்துதான் இருந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்கே கொண்டுபோய் நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூச்சை இழுக்கும்போது உள்ளே குழுகுழுவென்று கேட்டது. குழிக்காரனுக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்க வேண்டாம். ஊற்றுக்கண் திறந்துவிட்டது, இனி எவ்வளவு இறைத்தாலும் நிற்காது. அதில் அவனுக்குப் பயமும் இல்லை. வெட்ட வேண்டியதை வெட்டியாயிற்று, மகள் நின்றுகொண்டாள், மனைவி கெட்டிக்காரி. ஒரு நாள் மூச்சு நின்றால் நிற்கட்டும், வேலை முடிந்து மண்வெட்டியைச் சாய்த்து வைக்கிற மாதிரிதானே என்று தன்னைச் சமாதானம் செய்து வைத்திருந்தான். கயிற்றை நாய் கவ்விய அந்த மத்தியானம் வரைக்கும்.

டாக்டர் நாயைப் பார்க்க வந்தார். சின்ன வயது, கலகலப்பான ஆள். மகளும் கூட வந்திருந்தாள்.

"என்ன மேஸ்திரி சார், சௌக்கியமா?" என்று பிடரியில் போனை வைத்துப் பார்த்தார். திரையில் கோடு கோடாக எதுவோ ஓடியது. "பிரமாதம்! குட்டி நாய் தோத்துடும்மா. நடுவுல ஒரு மத்தியானம் மட்டும் லேசா ஒரு தடுமாற்றம் காட்டுது. பெட்டி தானே சரி பண்ணிக்கிச்சு. இனிமே அப்படி நடக்காது."

இனிமேல் நடக்காது. அவன் நாயைப் பார்த்தான். அது அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுக்கு வலிக்குமா டாக்டர்?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள். தினம் மிருகங்களைப் பிடிக்கிற கை அவளுடையது. அவளுக்கு எதுவோ இடறியிருக்க வேண்டும்.

"உள்ள அது தூங்கிட்டிருக்கும். ஒண்ணும் தெரியாது."

"எப்படித் தெரியும்?"

டாக்டர் சிரித்தார். "இதுவரைக்கும் ஒரு நாயும் புகார் சொல்லலையேம்மா."

மனைவி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டுவிட்டாள். "ஐயா, இது மனுஷங்களுக்கு வைக்கிறது இல்லையா?"

"அம்மா, நான் நாய் டாக்டர். என்னை உள்ள தூக்கிப் போட வழி பாக்கறீங்களா?" என்று சிரித்தபடியே டாக்டர் முதல் தடவையாகக் கட்டில் பக்கம் திரும்பினார். சிரிப்பு மெல்ல நின்றது. அவன் கழுத்தைப் பார்த்தார். தோள் அகலத்தைப் பார்த்தார். கிட்ட வந்து, அவன் பிடரிக்குக் கீழே இரண்டு விரலை நுழைத்து, எலும்பைத் தடவினார். விரல் குளிர்ந்திருந்தது. "பெரிய ஜாதி நாய்க்குன்னு ஒரு தினுசு இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அளவு சரியாத்தான் வரும்."

அவன் விரலில் இருந்த உயிரையெல்லாம் திரட்டி இழுத்தான்.

ணங். கொஞ்சம் பொறுத்து, ணங்.

மகளுக்குப் புரிந்தது. அவள் குழந்தையிலிருந்தே பார்த்து வளர்ந்த பாஷை. "அம்மா, அப்பா விடச் சொல்றாரு."

"தெரியும்டி" என்றாள் மனைவி. அவள் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஒரு கிணத்து வேலைங்க ஐயா. நல்ல ஆழம். கீழ காத்து கெட்டுப்போயிருக்கு, மேல எனக்குத் தெரியலை. ரெண்டு இழுப்பு வருது. விடுன்னு. ஆனா இழுப்பு தொய்வா இருந்துச்சு, இவர் இழுப்பு மாதிரியே இல்லை. மேஸ்திரி வேற ரெண்டு குரைப்பு குரைக்குது, விடச் சொல்றாரே விடுன்னு. எனக்கு மனசு கேக்கலை. தூக்கிட்டேன். மேல வந்து வாந்தி எடுத்துட்டு என்னைத் திட்டினாரு பாருங்க! உள்ள சுகமா தூக்கம் வந்துச்சாம், தொந்தரவு பண்ணிட்டேனாம். தெளிஞ்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னாரு. கீழ காத்து கெட்டா இருக்கிறவன் புத்தியும் கெட்டுடும். இழுப்பு தொய்வா வந்தா அவன் என்ன சொன்னாலும் காதுல வாங்காதே. தூக்கிடு. திட்டினாலும் தூக்கிடுன்னாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஊர்ல இருக்கிற குழிக்காரன் எல்லாருக்கும் இதையேதான் சொல்லுவாரு. அவர் சொன்ன ஒரு சொல்லை நான் தட்டினதில்லைங்க."

அவன் இழுத்தான். ணங்... ணங்.

தொய்வாகத்தான் இருந்தது. அவன் காதுக்கே தெரிந்தது. அந்த விரலில் அதற்கு மேல் பலம் இல்லை.

"பாத்தீங்களா" என்றாள் மனைவி. "காத்து கெட்டுப்போச்சு."

பிறகு வந்த நாட்களில் தண்ணீர் வேகமாக ஏறியது. அவன் அதோடு பந்தயம் ஓடினான். வா, சீக்கிரம் வா, பெட்டி வருவதற்கு முன்னால் வந்துவிடு என்று நெஞ்சுக்குள் கேட்கிற குழுகுழுவை வருந்தி வருந்திக் கூப்பிட்டான். மனைவி முதுகில் தலையணை வைத்து நிமிர்த்தி, நெஞ்சைத் தடவி, அந்தத் தண்ணீரோடு சண்டை பிடித்தாள். "கொஞ்சம் பொறுங்க. இந்தா, தூக்கிடறேன். விளிம்புக்கு வந்தாச்சு."

மகள் ஒரு சாயங்காலம் தனியாக வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாய் சுற்றிக்கொண்டிருந்தது. வாசல், இடது பக்கம், அடுப்படி, சட்டி. வறண்ட சட்டியில் நாக்கு. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ரெண்டு இழுப்பு இழுத்தான். மறுபடி ரெண்டு. மறுபடி ரெண்டு.

"கேக்குதுப்பா" என்று அவன் புறங்கையில் முகத்தைப் புதைத்து அழுதாள். "ஆனா நான் தடுத்து, நீங்க போயிட்டா, அம்மா என்னைக் காலத்துக்கும் மன்னிக்க மாட்டா. அம்மாவை என்னால தாங்க முடியாதுப்பா."

அவளால் தாங்க முடியாது. சரி. யாரால்தான் முடியும்?

காலையில் டாக்டரும் மகளும் வந்தார்கள். நல்ல வெயில். அறை முழுக்கப் பளீரென்று இருந்தது, ஒளிந்துகொள்ள ஒரு நிழல்கூட இல்லை. டாக்டர் கதவைச் சாத்தினார். இன்றைக்கு அவர் தமாஷ் எதுவும் பேசவில்லை. அவனைக் கவிழ்த்துப் போட்டார்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பியதில் முகம் நாய்க்கு நேராக வந்தது.

பிடரியில் சவரக் கத்தி. சரக். சரக். முடி கொத்தாகக் காதோரம் விழுந்தது.

ணங் ணங்.

"கை அலையுது" என்றார் டாக்டர்.

மனைவி விரலிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவள் மூச்சு விரலில் சூடாகப் பட்டது. "ஆச்சுங்க. இதோ ஆச்சு. நான் மேலதான் இருக்கேன்."

கயிறு போயிற்று.

விரல் இழுத்தது. காற்றை.

மகளின் கை அவன் தலையைப் பிடித்துக்கொண்டது. பழகிய பிடி. ஆஸ்பத்திரிப் பிடி. விடவில்லை.

குளிர்ந்த பஞ்சு. ஊசி. பிடரியில் பொத்தான் அளவுக்கு ஒரு அழுத்தம், பிறகு அங்கிருந்து கிளம்பிய ஊரல். முடியைவிட மெல்லிசாக. தோளுக்கு. முதுகுத் தண்டுக்கு. நெஞ்சுக்குள். எறும்புச் சாரை மாதிரி, தெரிந்த வழியில் போகிற மாதிரி. நெஞ்சில் தளும்பிக்கொண்டிருந்த தண்ணீரைப் போய்த் தொட்டது.

குழுகுழு நின்றது.

மூச்சு ஏறியது. அவன் இழுக்கவில்லை. இறங்கியது. அவன் விடவில்லை.

ஏறியது.

சில நாளில் அவனை எழுப்பி உட்கார வைத்தார்கள். இல்லை, உட்கார்ந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது, செத்துக் கிடந்த வலது கை நீண்டு தம்ளரைப் பிடித்தது, வாய் திறந்தது, தண்ணீர் உள்ளே போனது. தாகம் அவனுடையதாக இல்லை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், வாசலுக்கு ஓடி அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். வாயோரம் இழுத்து ஒரு சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. எங்கேயோ கீழே நின்றுகொண்டு அந்தச் சிரிப்பை அண்ணாந்து பார்த்தான். ஜன்னல், சுவர், அவள் முகம் எல்லாம் தலைக்கு மேலே ரொம்ப உயரத்தில், தட்டளவு வெளிச்சத்தில் தெரிந்தன. கத்தினான். கத்தியது அவனைச் சுற்றியே சுற்றிச் சுற்றிக் கூழாயிற்று.

ஒரு மத்தியானம் சாப்பாடு முடிந்து வீடு ஓய்ந்ததும், மனைவிக்கு ஒரு ஆசை வந்தது. சணல் கயிற்றை எடுத்து வந்து பழையபடி அவன் விரலில் கட்டினாள். "எங்க, பேசுங்க பாப்போம்."

விடு, என்றான். விடு. விடு. விடு. இருக்கிற உயிரையெல்லாம் அந்த விரலுக்கு ஏற்றினான். பிடரியில் சூடு பிடித்தது. முடி கருகும் வாடை வந்தது. அது இப்போது தன் மேலிருந்து வருகிறது என்று தெரிந்தது.

விரல் மடங்கியது. நல்ல பலமாக.

ணங்.

ஒன்று.

நேரானது. மறுபடி மடங்கியது.

ணங்.

ஒன்று. அதே பலம். அதே இடைவெளி. ணங்.

"தூக்கிட்டேங்க!" அவள் சிரித்தாள், கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். "தூக்கிட்டேன். மேல வந்துட்டீங்க. கெட்டியான இழுப்பு பாருங்க, எங்க வீட்டுக்காரர் இழுப்பு!" சொட்டு மருந்தை எடுத்து அவன் கண் இரண்டிலும் விட்டாள். கன்னத்தில் வழிந்ததைத் தலைப்பால் துடைத்தாள். நாய்க்கும் விட்டாள். அடுப்படிக்குப் போய் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

ணங்.

எதிரே சாக்கில் நாய். விலா ஏறுகிறது. அவன் நெஞ்சும் ஏறுகிறது. இரண்டும் ஒன்றாக இறங்குகின்றன.

நாயின் விழி மேல் ஈ உட்கார்ந்திருந்தது. கையைத் தேய்த்துக்கொண்டது. எழுந்தது. வெயிலில் ஒரு சுற்று சுற்றியது.

கிட்ட வந்தது.

அவன் இமையை அடித்தான். அடித்தான். அடித்தான்.

ஈ அவன் கண்ணில் காலை ஊன்றி உட்கார்ந்து, ஈரத்தை ஒரு தடவை ருசி பார்த்துவிட்டு, அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்குச் சாவகாசமாக நடக்கத் தொடங்கியது.

ணங்.